சீதனக் காருக்கு எண்ணெய் முழுக்கு

என் கலியாண வாழ்க்கையில் முதல் அடி எனக்கு விழவில்லை, காருக்குத்தான் விழுந்தது. கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம், கணவர் காரை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கினார். பின்பக்க மட்காட்டில் ஓங்கி ஒரு உதை விட்டார். தகடு உள்ளே போய்விட்டது. "பழசைத் தலையிலை கட்டிப்போட்டான் உன்ரை கொண்ணை!" என்று ஒழுங்கைத் தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார்.

இரண்டாவது அடி எனக்கு விழுந்தது. மூன்றாவதை நான் கொடுத்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

கார் என் சீதனம். தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் வீடும் வளவும், அதோடு இந்தக் காரும். எல்லாம் என் பேரில். தாயும் தகப்பனும் இல்லாத தங்கச்சியைக் குறைவாகக் கொடுத்துவிட்டான் என்று ஊர் கதைக்கக் கூடாது என்று அண்ணைக்கு ஒரு வெறி. வெளிநாட்டுச் சாமான்களை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம் அது. வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டவர்களுக்கு நல்ல காலம், கார் வைத்திருந்தவர்களுக்குக் கெட்ட காலம். அண்ணை வெங்காயம் விற்று எனக்குக் கார் வாங்கினார். நல்ல காலத்தைக் கொடுத்துக் கெட்ட காலத்தை வாங்கியிருக்கிறார் என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது கறுப்பு நிறத்து இங்கிலாந்துக் கார், எங்களை விட வயது கூட. அதற்கு ஒரு ஆணி வேண்டுமென்றாலும் செத்துப்போன வேறொரு காரில் இருந்துதான் கழற்ற வேண்டும்.

கணவர் அதைக் காங்கேசன்துறை ஸ்ரேசன் வாசலில் வாடகைக்கு ஓடினார். முதல் இரண்டு மாதம் சத்தமே இல்லை. பிறகு இடப்பக்கப் பின்சில்லு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அடியில் 'டக்' என்றது. எங்கள் ரோட்டுகளில் பள்ளம் இல்லாத இடம் எது? கொஞ்ச நாளில் 'டக் டக்' என்று ஆயிற்று. அங்கே நிற்கும் மற்ற றைவர்மார் சும்மா இருப்பார்களா? "சீதனம் கதவைத் தட்டுது, திறந்து விடு மச்சான்" என்று ஒருவன் சொன்னான். கணவர் சில்லுக் கழற்றும் கம்பியால் அவன் வாயில் அடித்தார். முன்பல் ஒன்று போயிற்று. சட்டையில் இரத்தத்தோடு வீட்டுக்கு வந்து, "தேத்தண்ணி போடும்" என்றார், ஒன்றும் நடக்காதது போல. சட்டையை நான் ஊறவைத்தேன். இரத்தம் போக மூன்று தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது.

அவர் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பின்பெட்டியில் கிடந்த மேலதிகச் சில்லைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். புகைக்குழாயைக் கம்பி போட்டுத் தூக்கினார். அதிர்ச்சி தாங்கும் டப்பாவைக் கழற்றி, கடையில் கிடைக்காத எண்ணெய்க்குப் பதிலாக ஆமணக்கெண்ணெய் ஊற்றினார். சத்தம் போகவில்லை. போகாத ஒவ்வொரு முறையும் சுத்தியலைச் சுவரில் எறிந்தார். நான் சமைக்கிற குசினிச் சுவரில் அந்தக் குழிகள் வெகுகாலம் இருந்தன.

இதற்கிடையில் அவர் ஒரு சொந்த வைத்தியமும் செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெய் வைத்து முழுகுகிறவர் அவர். தன் தலைக்கும் உடம்புக்கும் வைத்து மிஞ்சியதை, கழித்த எஞ்சின் எண்ணெயோடு கலந்து, காருக்குக் கீழே போய், பாரம் தாங்குகிற வில்லுத் தகடுகளுக்கும் அவற்றின் மூட்டுகளுக்கும் வார்ப்பார். "உடம்பிலை சூடு ஏறினால் மூட்டு நோகும். எண்ணெய் வைச்சால் தணியும். காருக்கும் மூட்டு இருக்குத்தானே?" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானே அகப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு மறுபடியும் அண்ணையைத் திட்டத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. "காரிலை பிழையில்லை. உங்களுக்குத்தான் பள்ளம் பாத்து ஓடத் தெரியாது" என்றேன். கன்னத்தில் அறைந்தார். காது கூவியது. என் கைக்கு முதலில் அகப்பட்டது திருவலை, தேங்காய் துருவுகிற அதுதான். தூக்கி எறிந்தேன். அலகு அவருடைய முழங்காலுக்குக் கீழே வெட்டி, இரத்தம் சோற்றுக் கோப்பை வரைக்கும் ஓடிற்று. நான் பழஞ்சேலையைக் கிழித்து, வாயால் திட்டிக்கொண்டே கையால் கட்டுப் போட்டேன். அந்த வீட்டில் அடிப்பதும் கட்டுவதும் ஒரே கைகள்தான். எனக்கு அவரைப் பிடிக்கும். பிடித்திருந்ததால்தான் அவ்வளவு ஆத்திரம்.

அடுத்த வீட்டுக்காரி வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான் எறிந்ததை விட்டுவிட்டு, அவர் அறைந்ததை மட்டும் அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த நாள் விடிய அண்ணை வந்தார். சைக்கிள் கரியரில் சாக்கில் சுற்றிய நீளமான ஒன்று இருந்தது. அவிழ்க்காமலே அது கொடுவாக்கத்தி என்று எனக்குத் தெரியும்.

"எந்தக் கையாலை அடிச்சனீர்?" என்று என் கணவரைக் கேட்டார். குரல் உயரவே இல்லை.

"வலக்கையாலை. என்ன செய்யப்போறீர்? பழுதான காரைக் குடுத்து ஏமாத்தினவன் நீர்."

"நான் குடுக்கேக்கை சத்தம் இருந்ததே?"

"ரெண்டு மாசத்துக்குப் பூசி மெழுகித் தந்தனீர்."

"சரி. வாற சனிக்கிழமை வாறன். உம்மடை கண்ணுக்கு முன்னாலை கழட்டிப் பாப்பம். நான் குடுத்ததிலை பிழையெண்டால் உம்மடை காலிலை விழுறன். உம்மடை பிழையெண்டால் அந்த வலக்கையை மணிக்கட்டோடை எடுப்பன்."

"வாரும். கை இஞ்சைதான் இருக்கும்."

இரண்டு எருமைகளும் முறைத்துக்கொண்டு பிரிந்தன. இது வெறும் வாய்ப்பேச்சு என்று நினைக்கிறவர்களுக்கு என் அண்ணையைத் தெரியாது. சில வருசத்துக்கு முன்பு ஒரு மாரியில் பக்கத்துத் தோட்டக்காரன் எல்லை வேலியின் கதியால் தடிகளைப் பிடுங்கி, எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டான். அண்ணை போய்ச் சொன்னார், நாளைக்கு இது பழைய இடத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நட்ட விரல் இருக்காது என்று. மறுநாள் வேலி நகரவில்லை. அந்த மனிதனுடைய இரண்டு விரல்களை அண்ணை அதே வேலியில் வைத்து வெட்டினார். மறியலில் கம்பி எண்ணிவிட்டு வந்து, கதியால்களைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டார். சொன்னால் செய்வார். என் கணவருக்கோ காலைப் பின்னால் வைக்கத் தெரியாது. சனிக்கிழமை என் முற்றத்தில் ஒரு கை விழப்போகிறது என்று நான் நம்பினேன். அந்தக் கை என்னை அறைந்த கைதான். ஆனால் அதுதான் ஸ்ரேறிங் பிடிக்கிற கை, என் பிள்ளைகளைத் தூக்கப்போகிற கை. அதை என் அண்ணை வெட்டுவதா?

காருக்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் இரண்டு பேருக்கும் முதல் நான் பார்த்துவிட வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பின்சீற்றில் இடப்பக்கம் இருந்து இருந்து என் முதுகெலும்புக்கு ஓரளவு தெரியும். பிரேக் பிடிக்கும்போது வராது, திரும்பும்போது வராது, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும் வரும். ஆனால் இடப்பக்கம் அடியில் ஆடக்கூடிய இடங்கள் நிறைய. ஆகவே கணவர் பார்க்காத நேரம் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே போனேன். இரும்பும் இரும்பும் சந்திக்கிற ஒவ்வொரு மூட்டையும் துடைத்து ஒரு பொட்டு வைத்தேன். காயவிட்டு, மீன் வாங்க வேண்டும் என்று சொல்லி அவரைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்து பார்த்தபோது எல்லாப் பொட்டும் அப்படியே இருந்தன, ஒன்றைத் தவிர. வில்லுத் தகடுகளின் பின் நுனியைக் காரின் சட்டத்தோடு தொங்கவிடுகிற சின்ன இரும்புக் கொளுவியில் சுண்ணாம்பு பொடியாகக் கொட்டுண்டு போயிருந்தது. அலவாங்குக் கம்பியைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினேன். 'டக்' என்றது. எங்கள் வீட்டைக் குலைத்த சத்தம் அதுதான்.

அந்தக் கிழமை நடுவில் அரியாலையில் கணவரின் சொந்தத்தில் ஒரு செத்தவீடு வந்தது. தட்டுகிற சீதனக் காரில் சொந்தக்காரர் முன்னால் போய் இறங்க அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பஸ்ஸில் போனார். எட்டாம் நாள் எட்டுச் செலவு வரைக்கும் நின்றுவிடாமல் வெள்ளிக்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னார். அவர் படலையைச் சாத்தியதும் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

முன்சில்லுகளுக்குக் கல் வைத்தேன். ஜக்கைப் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிச் சட்டத்துக்குக் கீழே பனங்குற்றி கொடுத்தேன். சாக்கை விரித்துக்கொண்டு மல்லாக்காகக் கீழே போனேன். தோட்டத்தில் வெங்காயச் சாக்குத் தூக்கி வளர்ந்தவள், பாரம் எனக்குப் புதிதில்லை. ஆனால் எண்ணெய் படாத பக்கத்தில் அந்த நட்டுகள் எனக்கென்றே துருப்பிடித்து இருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, அடித்து, திருகி, கெட்ட வார்த்தை பேசித்தான் கழற்றினேன். அந்த வார்த்தைகளை எல்லாம் என் கணவரிடம்தான் பழகியிருந்தேன்.

கடைசி ஆணியைச் சுத்தியலால் அடித்து வெளியே தள்ளியபோது ஒன்றை மறந்துவிட்டேன். வில்லுத் தகடு எப்போதும் ஆத்திரத்தோடு வளைந்து நிற்கிற சாமான். ஆணி போனதும் அது உதறிக்கொண்டு மேலே பாய்ந்தது. என் இடக்கைச் சின்னவிரல் அதற்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்தது. நான் கத்தின கத்தலில் அடுத்த வீட்டு நாய் ஊளையிட்டது. அலவாங்கால் தகட்டை விலத்தி விரலை எடுத்துப் பார்த்தேன். நுனி நசிந்து நகம் தலைகீழாக நின்றது. கோப்பித்தூளை அப்பி, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் கீழே போனேன். அழுதேன்தான். அழுதுகொண்டே துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.

அந்தத் துளைகளில் இரும்போடு இரும்பு முட்டாமல் றப்பர் வளையம் இருக்கவேண்டும். உள்ளேயிருந்து வந்தது நீலநிறக் களி. ஊறவைத்த உழுந்து போல வழுவழுத்துக் கையோடு வந்தது. கழுவிப் பார்த்தேன். நடுவில் ஒரு துண்டு மட்டும் அழியாமல் இருந்தது. அதில் சின்னச் சின்னப் புள்ளிகள். அது றப்பர் செருப்பின் அடிப்பக்கம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கலியாணத்துக்கு முதல் நாள் அண்ணை வெறுங்காலோடு ஓடித் திரிந்தார். புது நீலச் செருப்பு எங்கே என்று கேட்டதற்கு, உன் கலியாணம் நல்லபடி முடிய நேர்த்தி வைத்திருக்கிறேன் என்றார். ஊருக்கு முன்னால் படலையில் வெறுங்காலோடு நின்று எல்லாரையும் வரவேற்ற அண்ணையைப் பார்த்து அன்றைக்கு நான் விம்மி விம்மி அழுதிருந்தேன். நேர்த்தியாம்! செருப்பை வெட்டிக் காருக்குள் அடைத்துவிட்டு வந்து நின்றிருக்கிறார். வாங்கின காரில் றப்பர் தேய்ந்து போயிருந்திருக்கும், கடை கடையாக அலைந்தும் கிடைத்திருக்காது. அவரிலும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கூடவே, அந்த நேரம் முன்னால் நின்றிருந்தால் சுத்தியலால் மண்டையில் போட்டிருப்பேன்.

ஆனால் செருப்பு றப்பர் தேய்ந்து போகும், இப்படிக் களியாகாது. எண்ணெய்ப் போத்தல் வாயில் சுற்றிவைத்த சைக்கிள் ரியூப் துண்டு கொஞ்ச நாளில் ஊதி வழுவழுத்துப் போவதைக் குசினியில் பார்த்தவள் நான். களியை மணந்தேன். நல்லெண்ணெய் வாசம். சனிக்கிழமை சனிக்கிழமையாக அவர் முழுகவார்த்துத்தான் அதைக் கரைத்திருக்கிறார்.

ஆக, இரண்டு பேரிலும் பிழை. திறந்தால் அண்ணையின் செருப்பும் வெளியே வரும், இவருடைய எண்ணெயும் வெளியே வரும். அண்ணை காலில் விழுகிற சாதி இல்லை, அவமானப்பட்டால் முதலில் கத்தியைத்தான் எடுப்பார். எப்படித் திறந்தாலும் இரத்தம்தான்.

வேலியில் ஒரு துண்டு பழைய குழாய் சொருகிக் கிடந்தது, அண்ணையின் தோட்டத்து இறைப்பு மெசினுடையது, உள்ளே துணி வைத்த தடித்த றப்பர். அரிவாளால் பட்டையாக வெட்டினேன். ஆணியில் இறுக்கிச் சுற்றி அளவு பார்த்தேன். பெரிது, சிறிது, மறுபடியும் பெரிது என்று பாதிக் குழாய் வீணாயிற்று. கடைசியில் சரிவந்ததைச் சவுக்கார நுரையில் தோய்த்துத் துளைக்குள் அடித்து இறக்கினேன். எண்ணெய் ஒரு சொட்டும் காட்டவில்லை. கார் அந்தரத்தில் நிற்கும்போதே நட்டை இறுக்கினேன். ஜக்கை இறக்கியதும் றப்பர் முறுகிக் கிழிந்தது. மறுபடி கழற்றி, மறுபடி வெட்டி, இந்தமுறை காரைச் சில்லில் இறக்கிப் பாரம் இருந்த பிறகுதான் முற்றாக இறுக்கினேன். அடுத்த நாள் பஸ் பிடித்துத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனேன். விரல் நுனியை எடுத்துவிட்டுத் தைத்து அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை வந்த கணவரிடம் உலக்கை விழுந்துவிட்டது என்றேன். "பாத்து இடிக்கிறதில்லையே?" என்று சொல்லி, சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை அண்ணை வந்தார். சாக்கை அவிழ்த்துக் கத்தியை வெளியிலேயே வைத்திருந்தார். "முதலிலை சத்தத்தைக் கேப்பம், ஓடும்" என்றார். மூன்று பேரும் ஏறினோம். ஒழுங்கையில் உள்ள பள்ளம் எல்லாவற்றிலும் கணவர் காரை இறக்கி ஏற்றினார். ஒரு சத்தமும் இல்லை. திரும்ப ஓடினார், வேகமாக இறக்கினார். இல்லை. அவருடைய முகம் வெளிறியது. நான் இதை யோசிக்கவே இல்லை. கையைக் காப்பாற்றப் போய் மனிதரைப் பொய்யனாக்கி வைத்திருந்தேன்.

முற்றத்தில் இறங்கியதும் அண்ணை அவருடைய சட்டையைப் பிடித்துக் காரோடு சாத்தினார். "சத்தம் எங்கையடா? இல்லாத சத்தத்துக்கோ என்ரை தங்கச்சியை அடிச்சனீ?" வலக்கையைப் பிடித்து மட்காட்டின் மேல் வைத்து அமத்தினார். கணவர் இடக்கையால் அவருடைய தொண்டையைப் பிடித்தார். கத்தி மேலே போயிற்று.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் அலவாங்கைச் செருகினேன். "கழட்டிப் பாக்கிறதெண்டுதானே கதை? கழட்டுங்கோ! கழட்டாமல் ஆரும் ஆரையும் தொட்டால் ரெண்டு மண்டையையும் நான் உடைப்பன்!"

மூச்சு வாங்கிக்கொண்டு கழற்றினார்கள். நட்டு இலகுவாக வந்தது, அதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. கணவர் கீழேயிருந்து றப்பரை எடுத்து வெளியே நீட்டினார். கறுப்பு, இறுக்கம், கல்லு மாதிரி. அண்ணை அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நீலம் இல்லை. எங்கள் தோட்டத்துக் குழாயை அவருக்குத் தெரியாதா? தலையைத் தூக்கி என் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார். ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"பாத்தீரே மச்சான், நான் போட்ட றப்பர். பிழை வருமே?" என்றார்.

"ஓம், சாமான் நல்லாத்தான் கிடக்கு" என்றார் என் கணவர், சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு. "எண்ணெய் வைச்சு வைச்சுத்தான் இப்ப இறுகியிருக்கு. இனிச் சத்தம் வராது."

இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு கள்ளுக் குடிக்கப் போனார்கள். நான் அந்த முற்றத்தில் நின்றேன். விரல் விண்விண் என்று இடித்தது. அலவாங்கு இன்னும் கையில்தான் இருந்தது. அன்றைக்கு அவர்களை நான் கொல்லாமல் விட்டதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

பின்னேரம் அண்ணை சைக்கிளை எடுக்கும்போது, வாழையிலையில் பொதிந்த நீலத் துண்டைக் கொண்டுபோய்க் கரியரில் கத்திக்குப் பக்கத்தில் வைத்தேன். "அண்ணை, உன்ரை செருப்பை விட்டிட்டுப் போறாய்" என்றேன். அவர் பொதியைப் பிரிக்கவும் இல்லை, என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. சைக்கிளில் ஏறாமல் படலை வரைக்கும் உருட்டிக்கொண்டே போனார்.

அடுத்த சனிக்கிழமை கணவர் முழுகுவதற்கு முன் எண்ணெய்க் கிண்ணத்தோடு காரடிக்குப் போனார். நான் போய்க் குறுக்கே நின்றேன்.

"உதிலை இனி எண்ணெய் வாக்கக் கூடாது."

"எண்ணெய் வைச்சுத்தானே சத்தம் நிண்டது? விலத்தும்."

"எண்ணெயாலைதான் சத்தமே வந்தது. பைத்தியக்காரர் மாதிரி விசர் வேலை பாக்காதேங்கோ."

"ஆருக்கடி விசர்?" கிண்ணம் இடக்கையில் இருந்தது. வலக்கை உயர்ந்தது, அதே கை.

விரலில் இருந்த கட்டை அவிழ்த்தேன். நுனியில்லாத விரலை, தையல் தெரிய, அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"உலக்கை விழேல்லை. உங்கடை வில்லுத் தகடு கடிச்சது. நீங்கள் செத்தவீட்டிலை இருக்கேக்கை, கீழை படுத்துக் கிடந்து அந்த றப்பரைப் போட்டது நான். இல்லாட்டில் உந்தக் கை போன சனிக்கிழமை இந்த முற்றத்திலை கிடந்திருக்கும். உந்தக் கைக்கு நான் ஒரு விரல் குடுத்தனான். உது இனி என்ரை கை. வீட்டைப் போலை, காரைப் போலை, உதுவும் என்ரை பேரிலைதான்."

கை அந்தரத்தில் நின்றது. அவர் என் விரலைப் பார்த்தார், குனிந்து காரின் அடியைப் பார்த்தார், திரும்பவும் விரலைப் பார்த்தார். பிறகு அந்தக் கை மெல்ல இறங்கிக் கிண்ணத்துக்குள் போயிற்று. எண்ணெயை அள்ளித் தன் தலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.